பிள்ளையின் முன்கோபமும் அவசரமும் பரம்பரையா, வளர்ப்பா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதன் சுருக்கம் இது: மகனுக்கு 15 வயது. நினைத்ததை நினைத்த நொடியில் செய்துவிடுகிறான். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கிறது, செல்போன்கூட உடைந்திருக்கிறது. சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். பிறகு தானே உட்கார்ந்து அழுகிறான். அவன் அப்பாவுக்கும் அப்பாவைப் பெற்றவருக்கும் இதே குணம். "வம்சத்துக்கே அப்படித்தான், ரத்தத்துல இருக்கறத மாத்த முடியாது" என்கிறார் மாமியார். உண்மையா?

மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. ரத்தத்தில் இருக்கிறது என்பதை ஆராய்ச்சிகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. ஆனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. பரம்பரைக் குணம் ஒரு பிள்ளையிடம் எந்த அளவுக்கு வெளியே வரும் என்பதே வீட்டையும் ஊரையும் பொறுத்து மாறுகிறது.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் நடக்கும்போது, ரத்த வகை, நிறக்குருடு எல்லாம் முடிந்து மணி அடித்தபிறகு யாராவது ஒரு பையன் மேசை ஓரம் வந்து நிற்பான். "டீச்சர், எங்கப்பா எதுக்கெடுத்தாலும் அடிச்சு உடைக்கிறாரு. எனக்கும் அது வருமா?" பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

என் அக்கா தங்கச்சிமடத்தில் இருக்கிறாள். அத்தான் நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் பையன்கள், முகம் வேறு வேறு. லீவு நாளில் வலை கரைக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுப்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பொறுமை கேட்கிற வேலை. கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறைந்துவிடும். நூலை அறுத்தால் வலை போச்சு. இளையவன் நண்டைப் புரட்டிப் போட்டு, எந்தக் கால் எந்தக் கண்ணியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றுவான். விரலில் கடி வாங்கினாலும் "ஸ்" என்று உதறிவிட்டு அதே காலுக்குத் திரும்புவான். மூத்தவன் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். வரவில்லையென்றால் அடுத்த நொடி நூலைப் பல்லால் கடித்துவிடுவான். அறுந்த பிறகுதான் அப்பா பக்கம் திரும்பிப் பார்ப்பான். ஒரே தாய், ஒரே வயிறு, ஒரே சோறு. "மூத்தவன் அப்படியே அவன் அப்பன்" என்று அக்காவின் மாமியாரும் சொல்லத்தான் செய்கிறார்.

பரம்பரையின் பங்கை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுவதும் இரட்டையர்களை வைத்துத்தான். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணுக்கள் அநேகமாக முழுக்க ஒன்று. எங்கள் வீட்டுப் பையன்களைப் போலத் தனித்தனிக் கருமுட்டையில் வந்தவர்களுக்கு, ஆளுக்கு ஆள் மாறுகிற மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். அப்படியும் சுயகட்டுப்பாட்டில் முதல் வகையினர் கூடுதலாக ஒத்திருந்தால், அந்தக் கூடுதல் மரபணுவால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 2019-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இப்படி நடந்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 30,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்கள் இருந்தார்கள். எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஒட்டுறவு என்ற அளவு ஒரே கருமுட்டை இரட்டையரிடையே 0.58, மற்றவர்களிடையே 0.28. வித்தியாசம் 0.30. கூடுதலாகப் பொதுவாக இருக்கிற பாதி மரபணுக்களால் மட்டும் வந்த வித்தியாசம் இது என்பதால், முழுக் கணக்குக்கு இரட்டிப்பாக்கினால் 0.60. சுயகட்டுப்பாட்டில் பரம்பரையின் பங்கு சுமார் 60 சதவீதம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்த 60 சதவீதத்தைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகனின் கோபத்தில் 60 பங்கு அப்பாவிடமிருந்து, 40 பங்கு செல்போனிலிருந்து என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயிரம் பிள்ளைகளை நிறுத்தினால் அவர்களுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு என்ற கேள்விக்கான விடை அது. தனி ஒரு பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. பிள்ளைகள் வளரும் சூழ்நிலைகள் ஒன்றுக்கொன்று ரொம்ப வேறுபடுகிற ஊரில் அதே கணக்கைப் போட்டால் அதே விடை வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதே ஆய்வுகளின் சராசரியில், ஒரே வீட்டில் வளர்ந்ததால் மட்டும் வந்த ஒற்றுமை என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு வளர்ப்புக்கு ஒரு பங்கும் இல்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீடு ஒன்றாக இருக்கலாம், இரண்டு பிள்ளைகளுக்கு அது ஒரே மாதிரி இருப்பதில்லை. என் அக்கா வீட்டில் நூலைக் கடிக்கிறவனுக்குத்தான் அடி விழுகிறது. பள்ளியில் அவன்தான் வெளியே நிற்கிறான். உறவுக்காரர்கள் வந்தால் அவன் பெயரைச் சொல்லித்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. அவன் கொண்டுவந்த குணம் அவனுக்கென்று தனியாக ஒரு சூழலை உண்டாக்கிவிட்டது. கணக்குப் போடும்போது அதுவும் மரபணுவின் பங்கிலேயே போய்ச் சேரும். அதேபோல முன்கோபத்தை மரபணுவில் கொடுத்த அப்பாவே தட்டை எறிந்து பையனுக்குக் காட்டவும் செய்கிறார். "அப்பனைப் போல" என்று சொல்வதில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன.

கோபத்துக்கான மரபணு என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1993-ல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்களிடம் எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு வேலை செய்யாமல் போனது தெரியவந்தது. அவர்களிடம் திடீர் ஆவேசம் இருந்தது. ஆனால் அது மிக மிக அரிதான குறை. 2021-ல் சுமார் 15 லட்சம் பேரின் தகவல்களை வைத்துக் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குணத்தோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடிய ஆய்வில் 579 மரபணு இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தாக்கமும் துளிதான். அதனால் எச்சிலை அனுப்பினால் பிள்ளையின் குணத்தைச் சொல்லுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி உங்களுக்கு உண்மையில் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பின்லாந்தில் 14 வயது இரட்டையர்களிடம் புகைபிடிப்பதைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. 2007-ல் வெளியானது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்பதெல்லாம் பெற்றோருக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். பெற்றோரின் கண் குறைவாக இருந்த வீடுகளில் பிள்ளை புகைபிடிப்பதில் மரபணுவின் பங்கு பெரிதாக இருந்தது. கண் அதிகமாக இருந்த வீடுகளில் அந்தப் பங்கு சுருங்கி, குடும்பச் சூழலின் பங்கு கூடியது. யோசித்துப் பாருங்கள்: "ரத்தத்துல இருக்கு" என்று உங்கள் மாமியார் சொல்கிற அந்த ரத்தத்தின் பலமே, வீட்டில் யார் கவனிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது.

உடனே பையனின் சட்டைப் பையைத் துழாவவும் போனை வாங்கிப் பார்க்கவும் கிளம்ப வேண்டாம். ஸ்வீடனில் இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுக்காவல் போட்டதாலோ வந்தது இல்லை. பிள்ளை தானாகவே வந்து சொன்னதால் வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் சொல்லி வருகிறேன். நம் ஊரில் பிள்ளை "தப்புப் பண்ணிட்டேன்" என்று வாயைத் திறந்தால் முதலில் விழுவது அறை. அடுத்த தடவை அவன் வாயே திறக்க மாட்டான். அவன் சொல்வது நின்றுபோனால் நமக்குத் தெரிவதும் நின்றுபோகும். அவசரக்காரப் பிள்ளைக்கு அது ரொம்ப ஆபத்து. நிதானமான பிள்ளையை யாரும் கவனிக்காவிட்டாலும் ஓரளவு சமாளித்துக்கொள்வான், இவனால் அது முடியாது.

நம் கரையில் இந்தக் கவனிப்பை யார் செய்வது என்பதுதான் பெரிய சிக்கல். ராமேசுவரம் விசைப்படகுகள் காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். நாட்டுப்படகுக்காரர்கள் விடியும் முன்பே போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அம்மா மீன் வாங்கக் கரைக்கோ, பாசி எடுக்கத் தீவுப் பக்கமோ போயிருப்பார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். பையன் அவரை வீடியோ காலில்தான் பார்ப்பான். இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் யாருடைய குற்றமும் இல்லை, பிழைப்பு அப்படி. ஆனால் அந்த இடத்தில் வேறு ஒரு ஆள் நின்றாக வேண்டும். என் அக்கா வீட்டில் அது அவளுடைய கொழுந்தனார். மூத்தவன் எங்கே போனாலும் "சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போ" என்பது ஒன்றுதான் சட்டம். அவரும் கேட்டுக்கொள்வார், அந்த இடத்தில் வைத்து அடிக்க மாட்டார், மற்றதைப் பிறகு பேசிக்கொள்வார். அவன் அவரிடம் சொல்கிறான். போன வருஷம் ஒரு பையன் கொடுத்த புகையிலைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னதும் அவரிடம்தான். உங்கள் வீட்டில் அது தாய்மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம், டியூஷன் எடுக்கும் அக்காவாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். பள்ளிக்கும் கோடை விடுமுறை. கையில் காசு இல்லாத எரிச்சலில் வீட்டில் சண்டை கூடுகிற காலமும் அதுதான். பழக வேண்டிய நாட்கள் அப்படி வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வயதும் ஒரு காரணம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசையையும் பரபரப்பையும் தூண்டுகிற மூளைப்பகுதிகள் பருவ வயதில் சீக்கிரமே சூடுபிடித்துவிடும். நிறுத்தி யோசிக்க வைக்கிற முன்மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. 2005-ல் அமெரிக்காவில் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். தனியாக ஓட்டியதைவிடத் தோழர்கள் கூட இருந்தபோது பதின்ம வயதினர் துணிந்து எடுத்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களிடம் அப்படி வித்தியாசம் இல்லை. 2017-ல் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்கு நேர்ச்சாலை திறந்தபிறகு அங்கே சாயங்காலம் ஒரு வண்டியில் மூன்று பேராகப் பறக்கிற பையன்களைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் தனியாக வந்தால் மெதுவாக ஓட்டுகிறவர்கள்தான். அதனால் உங்கள் பையன் விஷயத்தில் சாவி கையில் கிடைக்காமல் இருப்பதே முதல் மருந்து. உபதேசத்தைவிட அது பலன் தரும். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டி விபத்தோ குற்றமோ நடந்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பதை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நடு இரவு வரை போனோடு இருந்துவிட்டு வருகிற பையன் முதல் பீரியடிலேயே சண்டைக்கு நிற்பதை நான் வகுப்பில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இன்னொன்றை நம் கரையில் யாரும் பேசுவதே இல்லை. அது ஈயம். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்குண்டுகளைச் சில வீடுகளில் இன்றும் தாங்களே உருக்கி வார்க்கிறார்கள். வாசலில் மூன்று கல் கூட்டி, பழைய இரும்புக் கரண்டியில் ஈயத் துண்டுகளைப் போட்டு, வெள்ளி மாதிரி பளபளவென்று உருகியதும் அச்சில் ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். தூண்டில் நரம்பில் ஈயத்தை நெரிக்கப் பல்லால் கடிப்பது பெரியவர்களுக்கே வழக்கம். அந்தப் புகையும் தூளும் குழந்தை உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1979 முதல் 1984 வரை கருவுற்ற தாய்மார்களைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தவர்கள் வளர்ந்தபின் கைதான எண்ணிக்கையும் அதிகம். அவர்களின் மூளையைப் படம் எடுத்தபோது, நிறுத்தி யோசிக்க வைக்கும் அந்த முன்மூளைப் பகுதியில் திசு குறைந்திருந்தது. பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம் தெரிந்தது.

தாத்தா, அப்பா, மகன் மூவரும் முன்கோபக்காரர்கள் என்றால் "பரம்பரை" என்கிறோம். மூவரும் ஒரே வாசலில் ஈயப் புகையைச் சுவாசித்து வளர்ந்திருந்தாலும் பார்ப்பதற்கு அது பரம்பரை மாதிரியேதான் இருக்கும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஈயம் உருக்கும் வழக்கம் இருந்தால், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்துக்கு அதை மாற்றுங்கள். சமையல் பாத்திரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, இவனுக்குப் பதினைந்து ஆயிடுச்சே" என்று பயப்படுகிறீர்கள் என்றால் நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1972-73-ல் அந்த ஊரில் பிறந்த 1,037 பேரை இன்றுவரை தொடர்கிறார்கள். சிறுவயதில் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலம், பணநிலை, வழக்கு எல்லாவற்றிலும் தொல்லை அதிகம் என்பது 2011-ல் வெளியான முடிவு. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதே கட்டுரையில், வளரும்போது கட்டுப்பாடு கூடியவர்கள் சிறுவயது மதிப்பெண்ணை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் குழந்தையில் இருந்த அளவு அப்படியே நின்றுவிடுவதில்லை.

மருத்துவரிடம் போக வேண்டுமா என்றால், உங்கள் பையன் விஷயத்தில் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். செய்துவிட்டுத் தானே அழுகிற பிள்ளைக்கு உதவி தேவை. ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு இருந்தால் அதற்கான அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கும், வீட்டில் மட்டும் இல்லாமல் பள்ளியிலும் தெரியும். அதற்குப் பெற்றோருக்கான பயிற்சியும் தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. சமீபத்தில்தான் திடீரென்று குணம் மாறியது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: போதைப் பழக்கம், மனச்சோர்வு, தலையில் அடி, யாராவது அவனைத் துன்புறுத்துவது.

நம் பக்கம் பலர் முதலில் ஏர்வாடி தர்காவுக்குத்தான் பிள்ளையைக் கூட்டிப் போவார்கள். மதம் பார்க்காமல் போவார்கள். துவா செய்வதை நான் தடுக்க மாட்டேன், அது தாயின் மனசுக்கு ஒரு பிடிமானம். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் இறந்ததை இந்தக் கரை மறக்கக்கூடாது. அதன்பிறகு அரசின் மனநல மருத்துவமும் அங்கே வந்தது. மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பையனே பேச விரும்பினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை வயதில் ஆரம்பித்தது, பள்ளியிலும் இருக்கிறதா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எப்போதாவது தலையில் அடிபட்டிருக்கிறதா, வீட்டில் ஈயம் உருக்குவது உண்டா, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எந்த வயதில் இந்தக் கோபம் குறைந்தது. கடைசிக் கேள்வியை மாமியாரிடமே கேளுங்கள். அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.